கீரைப் பாத்தியும் அனர்த்த தண்ட விரதமும்

விரதங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெரிய செய்திகளையே எடுத்துக்கொள்கிறோம். வேட்டை, புலால், பலி ஆகியவை விலக்கத்தக்கவை என்பதில் ஜைனக் குடும்பத்தில் பிறந்த சிறு குழந்தைக்கும் ஐயமில்லை. ஐயம் எழுவதெல்லாம் சிறு காரியங்களில்தான். ஒரு நாளில் நூறு முறை செய்யும் காரியங்களை விரதத்தின் அளவுகோலால் அளந்து பார்க்க நமக்குப் பொழுதும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆனால் சிராவகரின் வாழ்க்கை பெரிதும் அச்சிறு காரியங்களால் ஆனதன்றோ? ஆகவே அவற்றுள் ஒன்றை எடுத்துச் சிந்திப்போம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தி கீரை போடுவதே அக்காரியம்.

நம் சமூகத்தார் பலர் இன்று திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர்களை விட்டு, வேலை நிமித்தமாக வெளியூர்களில் வாழ்கின்றனர். உதகை, குன்னூர், கோத்தகிரி போன்ற குளிர்ந்த மலையூர்களில் குடியிருக்க நேர்ந்தவர்கள், அங்கே நன்கு விளையும் லெட்டூஸ் என்னும் சாலட் கீரையை வளர்க்க விரும்புவது இயல்பு. அப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது. லெட்டூஸ் உயிர் வாழ இன்றியமையாத உணவன்று. அதன் இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு நீரே. நாவுக்கு ஒரு புதுச்சுவை, உடலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவே. இதற்காக மண்ணைக் கிளறி, நீர் ஊற்றி, புழு பூச்சிகளின் வழியில் குறுக்கிடுவது அணுவிரதம் ஏற்றவர்க்குத் தகுமா?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. "கடையில் வாங்கி உண்டால் நம் கைக்குப் பாவமில்லை" என்பது ஒன்று. "நாமே வளர்த்தால் விஷ மருந்தும் இல்லை, பாவமும் இல்லை" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் கேள்வியின் நடுவிடத்தைத் தொடவில்லை என்பதே நம் கருத்து.

மலையும் கீரையும்

லெட்டூஸ் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. தண்டை முறித்தால் வெண்பால் கசியும். இலத்தீன் மொழியில் அதன் பெயரே பால் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியே அதற்கு உகந்தது. வெப்பம் மிகுந்தால் விதை முளைக்கத் தயங்கும். வளர்ந்த செடியும் தண்டு நீட்டிப் பூத்து, இலை கசந்துவிடும். அதனால்தான் நம் சமவெளிக் கொல்லைகளில் அது தழைப்பதில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையிலோ, கோடைப் பகலிலும் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டுவதில்லை.

நீலகிரிக்கு இத்தகைய காய்கறிகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தன. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு மலைமேல் ஏறிச் சென்றபின், ஐரோப்பியப் பயிர்கள் அங்கே பரவத் தொடங்கின. இன்று லட்சக்கணக்கானோர் கண்டு மகிழும் உதகை தாவரவியல் பூங்காவும், 1847இல் ஐரோப்பியக் குடியிருப்பாளர்கள் சந்தா செலுத்திக் காய்கறி பெறுவதற்காக ஏற்படுத்திய தோட்டத்திலிருந்தே வளர்ந்தது. 1848இல் மெக்கைவர் என்பவர் பொறுப்பேற்றபின் அது பூங்காவாக உருப்பெற்றது.

அம்மலைச் சந்தையில் நிற்கும் ஜைன இல்லத்தரசிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அங்கே குவிந்து கிடப்பவை உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப். யாவும் மண்ணுக்குள் விளைபவை. அனந்தகாயம் என்று நாம் விலக்குபவை. முட்டைக்கோசும் காலிபிளவரும் மண்ணுக்கு மேலே விளைந்தாலும், அவற்றின் அடுக்குகளுக்குள் பூச்சிகள் ஒளிந்திருக்கும் என்று நம்மில் பலர் தவிர்க்கின்றனர். எஞ்சுபவை சிலவே. ஆகவே விரிந்த இலையாக, ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கும் லெட்டூஸ் அவருடைய கண்ணில் படுவதில் வியப்பில்லை. லெட்டூசிலும் வகைகள் உண்டு. ஐஸ்பர்க் என்னும் வகை கோசைப் போல உருண்டு மூடிக்கொள்ளும். தளர்ந்த இலை வகையோ திறந்தே வளரும். நமக்கு ஏற்றது பின்னதே என்று சொல்லவும் வேண்டுமோ?

உழவு நமக்குப் புதிதன்று

பாத்தி போடுவதே ஜைனருக்கு ஆகாது என்று எவரேனும் கூறினால், அது நம் மரபை அறியாத கூற்று. ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்களுக்கு வகுத்தளித்த ஆறு தொழில்களுள் வாள், எழுத்து, வித்தை, வணிகம், சிற்பம் என்பவற்றோடு உழவும் ஒன்று. வடநாட்டு ஜைனர் பெரும்பாலும் வணிகத்தை மேற்கொண்டனர். தமிழ்நாட்டுச் சமணராகிய நாம் பெரும்பாலும் உழுதே உண்டோம். நம் முன்னோர் ஏர் பிடித்த கையோடு ஜினாலயம் சென்றவர்கள்.

அறநூலார் இதனை நன்கு உணர்ந்தே ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். உயிரைக் கொல்வதே நோக்கமாகச் செய்வது சங்கல்ப ஹிம்சை. அடுப்பு மூட்டல், அரைத்தல், பெருக்கல் போன்ற இல்லறக் காரியங்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் காக்கும் நிலையில் நேர்வது விரோத ஹிம்சை. இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மண்ணைக் கிளறும்போது நேரும் தீங்கு மூன்றாவதைச் சார்ந்தது என்று கொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் முன்னோர் உழுதது பிழைப்புக்காக. ஊரார் உண்ணும் நெல்லும் கேழ்வரகும் மணிலாவும் அதில் விளைந்தன. ஓய்வூதியமோ மாதச் சம்பளமோ வாங்கும் ஒருவர் மாலைப்பொழுதில் போடும் லெட்டூஸ் பாத்திக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியுமா? அது தொழிலும் அன்று, பிழைப்பும் அன்று. அப்படியானால் அது எதில் சேரும்? இங்கேதான் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு விரதம் நம்முன் வந்து நிற்கிறது. அதுவே அனர்த்த தண்ட விரதம். பயனற்ற தீங்கை விலக்கல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரர் இயற்றிய ரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், தமிழில் அதே நெறியை எடுத்துரைக்கும் அருங்கலச்செப்பிலும் இதனைக் காணலாம். அதன் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாதசரியை. காரணமின்றி நிலத்தைத் தோண்டுவதும், நீரைச் சிந்துவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளை அறுப்பதும் அதன்பாற்படும். ஒரு தோட்டக்காரரின் ஒரு நாள் வேலையை எழுதிவைத்ததுபோலவே அப்பட்டியல் இருக்கிறது! ஆகவே கேள்வி இன்னும் கூர்மையாகிறது: நம் பாத்திக்குக் காரணம் உண்டா, இல்லையா?

வாங்கினால் விலகிவிடுமா?

முதல் விடையைப் பார்ப்போம். கடையில் வாங்கினால் நம் கை தூய்மையாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஜினதர்மம் கையை மட்டும் பார்ப்பதில்லை. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூன்று. அவை மனம், மொழி, மெய் மூன்றோடும் உறழ ஒன்பதாகும். வாங்குபவர் இவற்றில் எங்கே நிற்கிறார்?

மலைச்சரிவில் கடன் வாங்கிப் பயிரிடும் விவசாயியின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நத்தை தின்ற இலையைச் சந்தையில் எவரும் தொடுவதில்லை. துளையில்லாத, வாடாத, ஒரே அளவான இலையையே நாம் பொறுக்கி எடுக்கிறோம். நாம் அப்படிப் பொறுக்குவதுதான் அவர் முதுகில் மருந்துத் தெளிப்பானை ஏற்றுகிறது. அவர் செய்வது பிழைப்புக்காக. குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக. நாம் உண்பதோ சுவைக்காக. அவருக்காவது ஒரு காரணம் இருக்கிறது. தீங்கின் சுமையை அவர் தோளில் வைத்துவிட்டு, இலையை மட்டும் நம் தட்டில் வைத்துக்கொண்டு, நாம் அகிம்சாவாதிகள் என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது. அது அகிம்சை விரதத்தோடு சத்திய விரதத்தையும் தொட்டுவிடுகிறது.

வளர்த்தால் தீர்ந்துவிடுமா?

இனி இரண்டாம் விடை. நாமே வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் ஒரு மழை இரவு கழிந்த மறுநாட்காலை பாத்தியைச் சென்று பார்க்க வேண்டும். குளிர்ந்த ஈரநிலத்தில் லெட்டூசைப் போல நத்தைக்கு உவப்பான இலை வேறில்லை என்றே கூறலாம். ஓடுள்ள நத்தையும் உண்டு; ஓடில்லாத நத்தையும் உண்டு. பின்னது பகலில் கல்லுக்கும் பலகைக்கும் அடியில் பதுங்கி, இரவில் வெளிவரும். ஒரே இரவில் ஒரு வரிசை நாற்றைக் காம்புவரை தின்றுவிடும். நாற்பது நாள் பேணிய செடிகள் போய்விட்டதைக் காணும் கணத்தில் மனத்தில் எழும் கோபம் இருக்கிறதே, அதுதான் இந்தப் பாத்தியில் விளையும் முதற் களை.

அக்கணத்தில் அண்டை வீட்டார் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு யோசனை சொல்வார்: "ஒரு கைப்பிடி உப்பைத் தூவுங்கள்." உப்புப் பட்ட நத்தை உடல்நீர் முழுவதும் வடிந்து சாகிறது. அதுவரை நடந்தது உழவில் நேர்ந்த தீங்கு. உப்பைக் கையில் எடுத்த கணத்திலிருந்து அது சங்கல்ப ஹிம்சை. இடையில் இருப்பது ஒரு கைப்பிடி உப்பு மட்டுமே. எவ்வளவு பெரிய எல்லையை எவ்வளவு எளிதாகத் தாண்டிவிடுகிறோம்!

தொல்காப்பியத்தின் மரபியல் நத்தையை ஈரறிவுயிராக வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர். நம் ஆகமங்களும் சங்கு, புழு முதலியவற்றை ஊறும் சுவையும் அறியும் ஈரறிவுயிர்களாகவே கொள்கின்றன. பள்ளியில் இவ்வரிசையைக் கற்பிக்கும்போது குழந்தைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "நத்தைக்கு வலிக்குமா, டீச்சர்?" ஊறு அறியும் உயிருக்கு வலி உண்டு என்பதைத் தவிர நாம் வேறு என்ன விடை கூற முடியும்? அதற்குச் சுவையும் தெரியும். லெட்டூசின் சுவை அறிந்தல்லவா அது நம் பாத்தியைத் தேடி வருகிறது? அந்த ஒரு செய்தியில் நமக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இங்கே மகிழத்தக்க ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி என்னும் தோட்டக்கலைச் சங்கம், 2022ஆம் ஆண்டு முதல் நத்தைகளைத் 'தீங்குயிர்' என்று வகைப்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. அந்நாட்டில் காணப்படும் 44 வகை ஓடில்லா நத்தைகளுள் 9 வகைகளே தோட்டச் செடிகளைத் தின்கின்றன. ஏனையவை மட்கிய இலைதழைகளைத் தின்று மண்ணைப் பேணுகின்றன என்று அச்சங்கம் எடுத்துரைத்தது. நத்தைகளைக் கொல்லப் பயன்பட்ட மெட்டால்டிஹைடு என்னும் நச்சு, பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் கேடு செய்வதால், பிரிட்டனில் அதே ஆண்டு திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. நம் ஆசாரியர்கள் கருணையின் வழியே கண்டதை, அவர்கள் ஆராய்ச்சியின் வழியே சென்று சேர்ந்திருக்கிறார்கள்.

குறைக்கும் வழிகள்

ஆகவே வாங்குவதிலும் தீங்கு உண்டு. வளர்ப்பதிலும் தீங்கு உண்டு. வளர்ப்பதில் ஒரு நன்மை என்னவெனில், தீங்கு நம் கண்முன்னே நேர்கிறது. கண்டதைத்தான் குறைக்க முடியும். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்குமிடத்தே பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதனோடு சேர்த்தே கூறினார். விழிப்போடு செய்யும் தோட்ட வேலையில் எவ்வளவு தீங்கைத் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

முதலாவது காலம். மழைக்காலத்து நான்கு மாதங்கள் சிற்றுயிர்கள் பெருகும் காலம் என்பதால் முனிவர் ஓரிடத்தில் தங்குகின்றனர். சாதுர்மாசியம் என்னும் அக்காலத்தில் இல்லறத்தாரும் கீரைகளை விலக்குகின்றனர். நத்தைகள் பெருகுவதும் அம்மாதங்களிலேதான். ஆகவே மார்கழி, தை மாதங்களின் உறைபனி நீங்கி, மாசியில் விதைத்தால், ஏழெட்டு வாரங்களில் சித்திரையிலிருந்து இலை பறிக்கலாம். ஆனி முடிவதற்குள் பாத்தியை முடித்துவிடலாம். ஆடி முதல் அது வெறுமனே கிடக்கட்டும். நோன்பின் நாட்காட்டியும் தோட்டத்தின் நாட்காட்டியும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது மண். லெட்டூசுக்கு ஆழமாகக் கொத்த வேண்டியதில்லை. நன்கு மட்கிய உரத்தை மண்ணின்மேல் பரப்பி அதிலேயே நாற்றை ஊன்றலாம். மண்வெட்டி இறங்காத இடத்தில் மண்புழு இரண்டாக வெட்டுப்படுவதில்லை. உரக்கடையில் எலும்புத்தூளைக் கலந்து கொடுப்பது உண்டு; அது நமக்கு ஆகாது என்பதைக் கேட்டு அறிந்து தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது நீர். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் மண் ஈரமாக இருந்து நத்தைகளை அழைக்கும். காலையில் பூவாளியால் அளவாக ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். நீரும் மிச்சம், உயிரும் மிச்சம்.

நான்காவது காவல். செம்புப் பட்டை, கூர்மணல், பட்டைத்தூள், கம்பளி உருண்டை போன்ற தடுப்புகளைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். மேற்சொன்ன இங்கிலாந்துச் சங்கம் 2018இல் லெட்டூஸ் செடிகளை வைத்தே சோதித்தபோது, அத்தடுப்புகள் நத்தைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை என்று கண்டது. ஆகவே அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. நாற்றைத் தொட்டியில், உயரமான மேடையில் வளர்த்து, இலை சற்று முற்றியபின் பாத்திக்கு மாற்றுவது நல்லது. பாத்தியைச் சுற்றிக் கல், பலகை, அழுகிய இலை ஆகியவை இல்லாமல் வைத்து, கழித்த இலைகளை வேலியோரத்து ஈரநிழலில் குவித்துவைத்தால், நத்தைகள் பல அங்கேயே தங்கித் தின்னும். பாத்திக்குள் வந்தவற்றைக் காலையில் ஓர் இலையாலோ மென்மையான தூரிகையாலோ எடுத்து அங்கே விடலாம். முனிவர் பெருமக்கள் மயிற்பீலியால் இடத்தை ஒதுக்கியபின் அமர்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது கடினமா? ஆனால் அண்டை வீட்டுத் தோட்டத்தில் எறிந்துவிடக் கூடாது. அங்கே நஞ்சு வைத்திருந்தால், அது செய்வித்தலாகிவிடும்.

ஐந்தாவது பேச்சு. பாவத்துக்கு வழி சொல்லும் பாபோபதேசமும், கொல்லும் கருவியைப் பிறர்க்குக் கொடுக்கும் ஹிம்சாதானமும் அனர்த்த தண்டத்தின் வகைகளே. "உப்பைத் தூவுங்கள்" என்று யோசனை சொல்வதும், மீந்துபோன நச்சு மருந்துப் பொட்டலத்தை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் நம் பாத்தியில் நடவாவிடினும் நம் கணக்கில் சேரும்.

ஆறாவது பறித்தல். ஆறு லேசியைகளை விளக்க நம் கோயில்களில் தீட்டப்படும் மரத்தின் படத்தை அறியாதவர் நம்மில் இல்லை. பசித்து வந்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணுகிறான். கடைசி மனிதனோ உதிர்ந்த கனியே போதும் என்கிறான். தளர்ந்த இலை லெட்டூஸ் அதே பாடத்தைச் சிறு வடிவில் கற்பிக்கிறது. வேரோடு பிடுங்கலாம், அடியில் அறுக்கலாம், அல்லது வெளிச்சுற்றில் மூன்று நான்கு இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு நடுக்குருத்தை விட்டுவைக்கலாம். விட்டுவைத்த செடி மீண்டும் தழைக்கும். பறித்த இலையைப் பாத்தியிலேயே உதறி, உள்ளிருக்கும் பூச்சியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அலசிய நீரைச் சாக்கடையில் கொட்டாமல் பாத்திக்கே ஊற்ற வேண்டும். நத்தை ஊர்ந்த இலையைப் பச்சையாக உண்பது உடலுக்கும் கேடு. எலிகளின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழு நத்தைகளின் வழியே மனிதரைத் தொற்றக்கூடும். துளை விழுந்த இலைகளை நன்கு கழுவிப் பருப்போடு வேகவைத்துக் கூட்டாக உண்ணலாம்.

காரணம் எங்கே இருக்கிறது?

இவ்வளவும் செய்தபின்னும் நம் கேள்வி மீதமிருக்கிறது. தீங்கைக் குறைத்தோம், சரி. எஞ்சிய தீங்குக்குக் காரணம் உண்டா? மிதிபட்ட எறும்பும், கிள்ளப்பட்ட இலையும், சிந்திய நீரும் எதற்காக?

விடை தோட்டத்தில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. பறித்த இலையைப் பசித்தவர் ஒருவர் உண்டால் அத்தீங்குக்கு ஒரு காரணம் இருந்தது. அது சிறு காரணமே, ஆயினும் காரணம். அதே இலை வாடிக் குப்பைக்குப் போனால், அதற்காக நேர்ந்த தீங்கு அனைத்தும் அன்றே காரணமிழந்து அனர்த்தமாகிவிடுகிறது. உண்ணப்பட்ட இலைக்கும் எறியப்பட்ட இலைக்கும் பாத்தியில் வேறுபாடே இல்லை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே நீர், ஒரே நத்தை. வேறுபாட்டை உண்டாக்குவது நாம் போட்ட கணக்கு.

லெட்டூசின் இயல்பு இக்கணக்கை மிகவும் கண்டிப்பாகக் கேட்கிறது. நெல்லைப் போல அதனைக் குதிரில் சேர்த்துவைக்க முடியாது. புளியைப் போலப் பானையில் அடைக்க முடியாது. பறித்த சில நாட்களில் வாடிவிடும். பறிக்காமல் விட்டால் பூத்துக் கசந்துவிடும். விதையோ மிகச் சிறியது. ஒரு கிராமில் 800 முதல் 1,000 வரை இருக்கும். ஒரு பொட்டலத்தை முழுதும் தூவிவிட்டால், ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான செடிகள் முற்றி நிற்கும். நால்வர் உள்ள வீட்டில் அவற்றை யார் உண்பது? அங்கேதான் அனர்த்த தண்டம் விதைக்கப்படுகிறது. அது விதைத்த நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. குப்பைக்கூடையில் நாம் காண்பது அதன் அறுவடையையே.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாதெனில், விதைப்பதற்குமுன் உண்பவரை எண்ணுவது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை பேர் என்று எண்ணி, அட்டமி, சதுர்த்தசி முதலிய பருவ நாட்களைக் கழித்து, எஞ்சியதற்கு மட்டும் விதைப்பது. நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரே காலத்தில் எட்டுச் செடிகள் போதும். இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் கொண்ட பாத்தி அவற்றைத் தாங்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான்கைந்து விதைகள் மட்டும் இட்டால், முதியதன் பின் இளையதாக இலை வந்துகொண்டிருக்கும். தோட்டக்கலை நூல்கள் இதனைச் சிக்கனம் என்று கூறும். நாம் இதனைப் போகோபபோக பரிமாணம் என்று அறிவோம். நுகர்ச்சிக்கு அளவு வகுக்கும் அவ்விரதம், இங்கே பாத்தியின் நீள அகலமாகவே கண்முன் கிடக்கிறது.

"அப்படியானால் லெட்டூசையே விட்டுவிடுவது சிறந்ததன்றோ?" என்று ஒருவர் கேட்கலாம். ஆம், சிறந்ததே. நம் ஆசாரியர்கள் அதற்கும் படி வைத்திருக்கிறார்கள். சிராவகரின் பதினொரு பிரதிமைகளுள் ஐந்தாவது சசித்த தியாகம்; அப்படியில் நிற்பவர் பச்சை இலையை உண்பதை விடுகிறார். எட்டாவது ஆரம்ப தியாகம். அப்படியை அடைந்தவர் உழவு, வணிகம் முதலிய காரியங்களையே விடுகிறார். முதலில் இலை விலகுகிறது. பின்னர் பாத்தியும் விலகுகிறது. அப்படிகளை எட்டியவரை வணங்குவோம். எட்டாதவர்க்கு இடைப்பட்ட வழி, அளவோடும் விழிப்போடும் இருத்தல். கீழ்ப்படியில் நின்றுகொண்டு மேற்படியில் இருப்பதாக எண்ணுவதைவிட, நிற்கும் படியில் ஊன்றி நிற்பதே ஏறுவதற்கு உதவும்.

இவ்வாறு அளந்து விதைத்த பாத்தியில், பருவத்தின் முடிவில் ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டுவைக்கலாம். தண்டு நீண்டு, சிறு மஞ்சட் பூக்கள் பூத்து, வெண்பஞ்சு தாங்கிய விதைகளைத் தந்து, அது தன் ஆயுளை நிறைவுசெய்து தானே உலரும். அவ்விதையில் ஒரு சிட்டிகை அடுத்த மாசிக்குப் போதும். எஞ்சியதை வேண்டுவோர்க்கு அளித்து, அவர்கள் வீட்டில் உண்பவர் எத்தனை பேர் என்றும் கேட்டு, அதற்கேற்ற அளவே கொடுப்போமாக. அளவறிந்த அறம் எங்கும் தழைக்க!